பாதியில் நின்ற அப்டேட்

கறம்பக்குடி
23.8.2025, சனி

அமுதாவுக்கு,

இதைக் கையால் எழுதுகிறேன். ஹரிணி போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். பத்து மாதம் கழித்து எழுதுகிறேன் என்பது தெரியும். சமாதானம் பேச எழுதவில்லை. ஒரு உதவி வேண்டும். கேட்பதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை.

என் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை.

விண்டோஸுக்குப் பதிலாக நீ போட்டுக் கொடுத்த அதே லினக்ஸ்தான். போன அக்டோபருக்குப் பிறகு எந்த அப்டேட்டையும் நான் உள்ளே விடவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவைத்தேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை மாதமும் தொந்தரவு இல்லாமல்தான் ஓடியது. நான் தட்டச்சு செய்வேன், அது என் குரலில் பேசும். ட்யூஷன் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க அது போதும். போன வாரத்திலிருந்து பிரவுசர் முரண்டு பிடித்தது. பழைய பதிப்பு, பாதுகாப்பில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பேங்க் பக்கம் உள்ளேயே விடவில்லை.

இன்று காலை எட்டரைக்கு உட்கார்ந்து, தேங்கிக் கிடந்த அப்டேட் அத்தனையையும் ஒரே தடவையில் போட்டேன். முந்நூற்றுப் பதினாறு. பாதி போகும்போது, ஒன்பது மணிக்குக் கரண்ட் நின்றது. மாதாந்திரப் பராமரிப்பாம். நேற்றே பேப்பரில் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. யூ.பி.எஸ் ஏழு நிமிடம் தாங்கியது. மூன்று மணிக்குக் கரண்ட் வந்து ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நாலு வரி. அதற்கு மேல் நகரவில்லை.

தொண்டையில் குரல்வளையை எடுத்த பிறகு எனக்கு இருப்பது அந்தக் குரல் ஒன்றுதான். ஆபரேஷனுக்கு முன்னால் பதினோரு நாள் உட்கார்ந்து நான் வாசித்துப் பதிந்ததை வைத்து நீ உருவாக்கியது. அதன் பிரதி ஒன்று உன்னிடம் இருந்தது. அழித்துவிடு என்று நான்தான் சொன்னேன். அழித்துவிட்டதாக ஹரிணியிடம் சொன்னாயாம். அப்படியானால் இப்போது அது இருப்பது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மலையாண்டியை வரவழைத்தோம். பார்த்துவிட்டு, "சார், இதப் போயி நோண்டிக்கிட்டு இருக்க வேணாம். பார்மேட் அடிச்சுப் புதுசாப் போட்டுட்டா ரெண்டு மணி நேர வேலை. நாளைக்குப் பத்து மணிக்கு வாரேன்" என்று சொல்லிப் போயிருக்கிறான்.

செப்டம்பர் 4 ஹரிணிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு திருக்கோகர்ணம். சபையில் பெண்ணைப் பெற்றவன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுது. நான் செய்துகொள்கிறேன். அங்கிருந்து நீ உள்ளே நுழைந்து எதையும் தொட வேண்டாம்.

திருமுருகன்


பெங்களூரு
23.8.2025, மாலை ஏழு மணி

அண்ணனுக்கு,

முதலில் இது. மலையாண்டியை அந்தப் பெட்டியைத் தொட விடாதீர்கள். காலையில் பத்து மணிக்கு அவர் வந்தால் அண்ணியைவிட்டு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். பார்மேட் என்றால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைப்பது. உங்கள் குரலும் அதோடு போய்விடும்.

இனி மூச்சு விடுங்கள். கரண்ட் போனதில் நின்றது அப்டேட் வேலை மட்டும்தான். அப்டேட் மாற்றுவது சிஸ்டத்தின் பாகங்களை. உங்கள் குரல் இருப்பது உங்கள் சொந்த ஃபோல்டரில். வீட்டில் ஒயரிங் மாற்றும்போது கரண்ட் போனால் பீரோவில் இருக்கும் பட்டுப்புடவைக்கு ஒன்றும் ஆகாது. இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். கண்ணால் பார்க்காமல் நூறு சதவீதம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இப்படி நடுவில் நின்றுபோனவற்றை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாமே எழுந்து நின்றிருக்கின்றன.

ஹரிணியை அவள் ஆபீஸ் லேப்டாப்பில் ஒரு பென் டிரைவ் தயார் செய்யச் சொல்லுங்கள். எப்படி என்று அவளுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அந்தப் பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் எழுந்து வரும், உங்கள் டிஸ்க்கைத் தொடாது. வந்ததும் திரையில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு படம் இருக்கும். அதை மட்டும் யாரும் அமுக்கக் கூடாது. பக்கத்தில் கம்ப்யூட்டர் என்று இருப்பதைத் திறந்து, பழைய டிஸ்க்குக்குள் போய், உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரில் ‘குரல்’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு ஒரு டிரைவில் நகல் எடுங்கள். அதற்குப் பிறகுதான் ரிப்பேர். அதற்கு முன்னால் ஒரு பொத்தானைக்கூடத் தொட வேண்டாம்.

என் பிரதியை அழித்தது நிஜம். நீங்கள் சொன்னதற்காக மட்டும் அழிக்கவில்லை, கோபத்திலும்தான் அழித்தேன். ‘அழிக்கட்டுமா’ என்று கம்ப்யூட்டர் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் ஆமாம் என்றேன். அன்றைக்கு எனக்கு யாராவது ஒரு காபி கொடுத்து அனுப்பியிருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹரிணி பிறந்தபோது தொட்டிலில் போட்டவள் நான். அவளுக்கு நிச்சயம் என்பது எனக்குக் கம்ப்யூட்டர் கெட்டுப்போன கடிதத்தில்தான் தெரிய வேண்டுமா? அதுவும் கடைசிக்கு முந்தின பத்தியில்?

உங்கள் பெட்டியை நான் தொட மாட்டேன். கவலை வேண்டாம்.

அமுதவல்லி


கறம்பக்குடி
24.8.2025, ஞாயிறு

அமுதா,

இருக்கிறது. குரல் இருக்கிறது. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

காலையில் மலையாண்டி பத்து மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதே காலுக்கே வந்துவிட்டான். நான் குளித்துக்கொண்டிருந்தேன். துண்டோடு வெளியே வந்தால், அவன் தன் பென் டிரைவைச் செருகிவிட்டுக் கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கத்த முடியாதவனுக்கு அந்த நேரத்தில் என்ன செய்ய முடியும் சொல். கையைத் தட்டினேன், அவன் திரும்பவில்லை. நேராகப் போய் யூ.பி.எஸ் ஸ்விட்சை அணைத்துவிட்டேன்.

"என்னா சார், கரண்டு போயிருச்சா?" என்றான்.

ஹரிணி ஓடி வந்து, "அண்ணே, எங்க அத்தை தொடக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க. இதுல எங்கப்பா குரல் இருக்கு" என்றாள். அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்துப்போய்ப் பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "இத நேத்தே சொல்லிருக்கக் கூடாதா சார்? நான் பாட்டுக்கு அடிச்சு விட்டுருப்பேனே" என்று உன் அண்ணி செங்கமலத்திடம் நாலு தடவை சொன்னான். பாவம், நல்ல பையன்தான். நீ சொன்னபடி காபி குடித்துவிட்டுத்தான் போனான்.

பிறகு நானும் ஹரிணியும் உட்கார்ந்தோம். பென் டிரைவிலிருந்து திரை வந்தது. ‘இன்ஸ்டால்’ படத்தின் மேல் ஹரிணி ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டாள், தவறிக்கூடக் கை போகக் கூடாதாம். பழைய டிஸ்க்கைத் திறந்தோம். என் பெயர் வந்தது. அதற்குள் ட்யூஷன் கணக்குத் தாள்கள், ஹரிணியின் காலேஜ் போட்டோக்கள், அதற்குக் கீழே குரல். முழு ஃபோல்டரும் அப்படியே. ஹரிணிதான் நகல் எடுத்தாள். ஒன்று போதாது என்று இரண்டு டிரைவில் எடுத்தோம். ஒன்று பீரோவில் இருக்கிறது. இன்னொன்றைச் செங்கமலம் அரிசி டின்னுக்குள் வைக்கப் போனாள். வேண்டாம் என்று எழுதிக் காட்டினேன்.

செங்கமலம் சொன்னதையும் எழுதச் சொல்கிறாள். "ஒங்க கோவத்தையும் அந்தப் பொட்டியையும் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்பீக? அத்தைக்காரி இல்லாம நிச்சயம் நடந்துச்சுன்னா ஊரு கேக்காட்டியும் நாங் கேப்பேன்." இது அவள் சொன்னது. நான் சொல்ல வேண்டியதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?

திருமுருகன்


பெங்களூரு
24.8.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். ஒன்றுமே தெரியாமல் ஸ்விட்சை அணைத்தீர்களே, அது மட்டும் சரியாக விழுந்தது. ஆனால் இனிமேல் அப்படிச் செய்யாதீர்கள்.

இப்போது ரிப்பேர். பயப்பட ஒன்றுமில்லை. குரல் வெளியே வந்துவிட்டது. இனி எது போனாலும் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். யூ.பி.எஸ் பேட்டரியை மாற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.

ஆன் செய்ததும் ஷிஃப்டை அமுக்கிப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் இரண்டாவது வரிக்குள் போனால் பழைய கெர்னல் இருக்கும். கெர்னல் என்பது சிஸ்டத்தின் அடிப்படை. புதியது பாதியில் நின்றிருக்கலாம், பழையதை லினக்ஸ் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும். பழையதில் ‘ரிகவரி’ என்று எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் மெனுவில் முதலில் நெட்வொர்க்கைத் தொடங்குங்கள். பிறகு உடைந்த பேக்கேஜ்களை, அதாவது சிஸ்டத்தின் பாகங்களை, சரிசெய் என்று பொருள்படும் வரி. அது பாதியில் விட்ட வேலையை விட்ட இடத்திலிருந்து எடுத்து முடிக்கும். எழுத்து எழுத்தாக ஓடும், சில இடத்தில் நின்ற மாதிரி இருக்கும். நடுவில் அணைக்காதீர்கள். இதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆகட்டும்.

எழுந்து வந்துவிட்டால், அப்டேட் மேனேஜரில் ‘ஹிஸ்டரி’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. என்றைக்கு எந்தப் பேக்கேஜ் மாறியது என்று அதில் இருக்கும். அதைத் திறந்து, நேற்றுப் பாதியில் நின்றதற்குப் பிறகு எதெல்லாம் முடிந்தது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அண்ணியிடம் சொல்லுங்கள், அவர்கள் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும் என்று. நீங்கள் யோசித்து முடியும்வரை நான் காத்திருக்கிறேன்.

அமுதா


கறம்பக்குடி
26.8.2025, செவ்வாய்

அன்புள்ள அமுதா,

இதைக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறேன். இதிலிருந்தே உனக்குப் புரிந்திருக்கும்.

ரிப்பேர் ஐம்பத்தைந்து நிமிடம் ஓடியது. நடுவில் ஒரு வரியில் ஒன்பது நிமிடம் நின்றது. ஹரிணி நகத்தைக் கடித்தாள், நான் நாற்காலியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணைக்கவில்லை. பிறகு தானே நகர்ந்தது. மறுபடி ஆன் செய்தபோது வழக்கமான நீலத் திரை வந்தது. பேசு என்று கொடுத்தேன். "ஹரிணி, அம்மாவைக் கூப்பிடு" என்று பேசியது. என் குரல்தான். செங்கமலம் அடுப்பங்கரையிலிருந்தே, "வாரேன், வாரேன்" என்று பதில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கரண்டியோடு ஓடி வந்தாள்.

நீ கேட்டபடி ஹிஸ்டரியைத் திறந்தேன். சனிக்கிழமை நின்றது அத்தனையும் முடிந்திருக்கிறது. அதோடு மூடியிருக்கலாம். கணக்கு வாத்தியார் புத்தி, பட்டியல் என்று ஒன்றைப் பார்த்தால் கடைசி வரி வரைக்கும் போகாமல் விடாது. கீழே இறக்கிக்கொண்டே போனேன். பத்து மாதம் வெறுமை. அதற்குக் கீழே போன அக்டோபர்.

அக்டோபர் 17, காலை 6.12. உன் கை பட்ட அப்டேட். அதை எதிர்பார்த்துத்தான் போனேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அக்டோபர் 16, மாலை 7.40. அதே ஒலிப் பேக்கேஜ், ஒரு நாள் முன்னதாக. அந்த நேரத்தில் யாரும் உள்ளே வந்ததாக இல்லை. தானாக நடந்த அப்டேட்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அந்த வாரம் திரையில் ஒரு கட்டம் வந்து வந்து தொல்லை கொடுத்தது, தானாக அப்டேட் ஆகட்டுமா என்று கேட்டு. எனக்கோ மூச்சு விடுகிற கழுத்துத் துளையில் சீழ் பிடித்துக் காய்ச்சல். அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில். இது போய்த் தொலைந்தால் போதும் என்று டிக் அடித்துவிட்டேன். பதினாறாம் தேதி மாலையிலிருந்து குரல் திக்கித் திக்கி வந்தது. அப்போதுகூட நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பதினேழாம் தேதி பதினோரு மணிக்கு அப்பாவிடம் பேசப் போனைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் அருகில் வைத்தபோது சத்தமே வரவில்லை. காலையில் நீ கை வைத்தாய் என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது. அப்பா கண் தெரியாத மனிதர். என் குரலைக் கேட்டால்தான் நான் என்று தெரியும். மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். நான்கு நாள் கழித்து நீ பழைய பேக்கேஜை வைத்துச் சரிசெய்தாய். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் எல்லோருக்கும் முன்னால் நோட்டில் எழுதிக் காட்டினேன், "நீதான் கெடுத்தாய், வெளியே போ" என்று.

அமுதா, நீ கெடுக்கவில்லை. கெட்டுப்போனதைச் சரிசெய்ய வந்தாய். கெடுத்த டிக்கை அடித்தவன் நான். இது உனக்கு முன்பே தெரியுமா?

இத்துடன் குரல் ஃபோல்டரை அனுப்புகிறேன். உன்னிடம் ஒரு பிரதி இருக்கட்டும். யார் அழிக்கச் சொன்னாலும் அழிக்காதே, நான் சொன்னாலும்.

நாலாம் தேதி நீ வர வேண்டும். அத்தை இல்லாமல் என் மகளுக்கு நிச்சயம் இல்லை. வா என்று கேட்க எனக்கு முகம் இல்லை, கேட்கிறேன்.

உன் அண்ணன்
திருமுருகன்


பெங்களூரு
27.8.2025

அன்புள்ள அண்ணே,

தெரியும். நாலாம் நாள் சரிசெய்ய உட்கார்ந்தபோதே அந்த வரியைப் பார்த்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று அடுத்து கேட்பீர்கள். சொல்லியிருந்தால் அந்தப் பழி உங்கள் தலைக்குத் திரும்பியிருக்கும். அப்போது நீங்கள் இருந்த இருப்பில் அது உங்களைக் கொன்றிருக்கும். ஒருத்தி தாங்கினால் போதும் என்று நினைத்தேன். ரொம்ப நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். நோட்டில் நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த நல்ல எண்ணமெல்லாம் போய்விட்டது. அதற்குப் பிறகு சொல்லாமல் இருந்தது வெறும் வீம்பு.

என் தப்பும் சின்னதல்ல. பதினாறாம் தேதி ராத்திரி நீங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு அப்பா, "முருகன் பேச்சு விட்டு விட்டுக் கேக்குதேம்மா, என்னன்னு பாரு" என்றார். காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உங்கள் பெட்டிக்குள் போனேன். இதைவிடப் புதியதைப் போட்டால் திக்கல் போய்விடும் என்று அவசரத்தில் போட்டேன். ஸ்னாப்ஷாட் எடுக்கவில்லை. எடுத்திருந்தால், மோசமானதும் பத்து நிமிடத்தில் முந்தின நிலைக்குத் திருப்பியிருப்பேன். பதினொன்றே காலுக்கெல்லாம் உங்கள் குரல் திரும்பியிருக்கும். ஆபீசில் ஜூனியர்கள் இப்படிச் செய்தால் அரை நாள் திட்டுவேன். திக்கியதை முழு ஊமையாக்கியது என் கைதான். அது ஹிஸ்டரியில் இருக்கிறது, இருக்கட்டும்.

ஆனால் ஹிஸ்டரியில் இல்லாத ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லத்தான் பதினாறாம் நாள் உங்களைத் தேடி வந்தேன். அதற்குள் நோட்டு வந்துவிட்டது.

அன்றைக்குப் பதினோரு மணிக்குப் போன் என் கையில்தான் இருந்தது. அப்பா காதில் வைத்தேன். பேச்சு வரவில்லை. நீங்கள் போனைத் தூக்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள் போல. கழுத்துத் துளை வழியாக நீங்கள் மூச்சு விடுவது புஸ் புஸ்ஸென்று எனக்கே கேட்டது. அப்பா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு நீங்கள் லைனை வைத்துவிட்டீர்கள். அப்பாவை எப்படிச் சமாளிப்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார்.

"முருகனா?"

"ஆமாப்பா. ஸ்பீக்கர் கோளாறு. பேச்சு வரல."

"பேச்சு எதுக்கு? அவன் மூச்சு எனக்குத் தெரியாதா. ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்ப மூணு மாசம் பக்கத்துலயே படுத்துக் கெடந்தவன்தானே நான்." பிறகு, "காச்சல் இன்னும் விடல போலருக்கு. மூச்சு சூடா இருக்கு. கஞ்சி குடிச்சானான்னு செங்கமலத்தக் கேளு" என்றார்.

அவர் உங்களைத் தெரியாமல் போகவில்லை, அண்ணே. தெரிந்துதான் போனார். அன்றைக்கே உங்களுக்குப் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். சாயங்காலம் அவருக்கு மூச்சுத் திணற ஆரம்பித்தது, பிறகு எதற்கும் நேரமில்லை. பிறகு நீங்கள் என் நம்பரைத் தடுத்துவிட்டீர்கள். ஹரிணி வழியாகச் சொல்லியிருக்கலாம்தான். நான் சொல்லி உங்களுக்கு ஆறுதல் கிடைப்பதை நான் விரும்பாத மாதங்கள் சில இருந்தன. அதற்காக மன்னித்துவிடுங்கள்.

இனி பெட்டி விஷயம். நாலாம் தேதிவரை ஒரு அப்டேட்டும் வேண்டாம். இப்போது நன்றாக ஓடுகிறது. ஓடுகிற நிலையிலேயே இன்றைக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவைத்துவிடுங்கள். விசேஷம் முடிந்த பிறகு வாரம் ஒரு நாள் உட்கார்ந்து வந்ததை மட்டும் பாருங்கள். பத்து மாதம் சேர்த்துவைத்து ஒரே நாளில் போடுவதும் ஆபத்து, கண்ணை மூடிக்கொண்டு தானாக ஓடவிடுவதும் உங்கள் பெட்டிக்குச் சரிப்படாது. ஒலி சம்பந்தப்பட்டதை மட்டும் பூட்டிவைக்கலாம். மற்றதெல்லாம் வந்து ஒரு வாரம் ஆன பிறகு அதைத் திறந்தால் போதும். வரும்போது காட்டித் தருகிறேன்.

வருகிறேன். லீவு சொல்லியாகிவிட்டது. திருச்சியில் இறங்கி முதல் பஸ் பிடித்து மூன்றாம் தேதி காலையில் வந்துவிடுவேன். யாரும் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம்.

உங்கள்
அமுதா


பெங்களூரு
7.9.2025, ஞாயிறு

அன்புள்ள அண்ணே,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக்கொடுத்த முறுக்கு பாதி பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது.

நிச்சயத்தன்று நீங்கள் வெளியே சபையில் இருந்தீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியாது. புறப்படும்போது சொல்லலாம் என்று பார்த்தேன், வீடு நிறைய ஆள். அதனால் எழுதுகிறேன்.

உள் அறையில் ஹரிணிக்கு வளையல் போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆறேழு பேர் சுற்றி இருந்தார்கள். வெளியே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை சந்தோஷின் அப்பா உடையப்பன், "பொண்ணு வீட்டுல ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார். பிறகு யாரும் பேசவில்லை. நீங்கள் தட்டச்சு செய்கிற நேரம் அது என்று எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த அறையில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நான் வளையலைப் பாதிக் கையில் நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தேன். ஸ்னாப்ஷாட் இருக்கிறது, யூ.பி.எஸ் பேட்டரி புதிது, ஸ்பீக்கரை நானே மூன்று தடவை பார்த்துவிட்டேன். இருந்தும் அந்த அரை நிமிடம் எனக்கு அக்டோபர்தான்.

பிறகு வந்தது. "எங்க மக ஹரிணிய ஒங்க வீட்டுக்குத் தர எங்களுக்கு முழுச் சம்மதம். நல்லபடியாப் பாத்துக்கங்க."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "பொண்ணோட அப்பாவுக்குப் பேச்சு வராதுன்னாகளே, யாரு பேசுறது?" என்று கேட்டார்.

"எங்கப்பாதான் பேசுறாங்க" என்றாள் ஹரிணி.

கம்ப்யூட்டர் என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. அந்த அம்மா, "நல்ல கணீர்னு இருக்கு கொரலு" என்று சொல்லிவிட்டு மல்லிகைப் பூவைக் கையில் எடுத்துக்கொண்டார். ஹரிணி குனிந்துகொண்டாள். மை கலையாமல் நான் முந்தானையால் ஒற்றி எடுத்தேன். என் மை கலைந்ததை யாரும் பார்க்கவில்லை.

உங்கள் மானிட்டரின் ஓரத்தில் ஹரிணி கையெழுத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். "நகல் எடுத்தாச்சா? ஸ்னாப்ஷாட்? இன்றைக்குக் கரண்ட் கட்டா? நாளைக்கு முக்கியமான வேலை இருக்கா?" இதை அப்படியே என் டீமுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

அமுதா


கறம்பக்குடி
28.9.2025, ஞாயிறு

அன்புள்ள அமுதா,

இன்று நானாக ஒரு அப்டேட் போட்டேன். ஹரிணி திருக்கோகர்ணத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கொலுவுக்குப் போயிருக்கிறாள், செங்கமலம் கோயிலுக்கு. பக்கத்தில் யாரும் இல்லை.

பேப்பரில் கறம்பக்குடிக்கு மின்தடை இல்லை என்று பார்த்துக்கொண்டேன். குரலைப் புதிதாக ஒரு நகல் எடுத்தேன். ஸ்னாப்ஷாட் முடியும்வரை ஒரு டம்ளர் மோர். பிறகு பட்டியலைத் திறந்து பதினான்கையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதி எனக்குப் புரியவில்லை, ஆனாலும் படித்தேன். பதிமூன்று எந்தத் தொல்லையும் இல்லாமல் ஏறின. பதினான்காவது, நாம் பூட்டிவைத்த ஒலிப் பேக்கேஜ். நீ சொன்ன ஒரு வாரம் காத்திராமல் அதையும் இன்றே திறந்துவிட்டேன். எத்தனை நாளைக்குப் பயந்துகொண்டிருப்பது? கெட்டால் திரும்பி வர வழி இருக்கிறது. நாலு நிமிடத்தில் முடிந்தது. ரீஸ்டார்ட் செய்து, பேசவைத்துப் பார்த்தேன். திக்கல் துளிகூட இல்லை. முன்னைவிடத் தெளிவாகவே இருக்கிறது.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதற்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை. நீ இங்கே இருந்த மூன்று நாளும் நோட்டை எடுத்து எடுத்து வைத்தேன், எழுத வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து நான் நன்றாகத் தூங்குகிறேன். செங்கமலம்கூடச் சொன்னாள், "இப்பதான் நீங்க பொரளாமப் படுக்குறீக" என்று.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இன்று மாலை ஆறு மணிக்குப் போன் செய்கிறேன், எடு. நான் தட்டச்சு செய்து முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. பேசுவேன்.

அண்ணன்